மீதமுள்ள 165 மணி நேரம்

மாரடைப்புக்குப் பிறகோ பைபாஸ் அறுவைக்குப் பிறகோ இதய மறுவாழ்வுச் சிகிச்சையில் சேரும் ஒருவர், வழக்கமாக வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பயிற்சிக்கூடத்துக்கு வருவார். அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு இப்படி 36 அமர்வுகளுக்குப் பணம் தருகிறது. அந்த மூன்று மணி நேரமும் நோயாளியின் மீது பலருடைய கண் இருக்கும். டிரெட்மில்லின் வேகம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு வாங்கும் அளவு எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். ஆனால் வாரத்துக்கு 168 மணி நேரம். வீட்டில் கழியும் மற்ற 165 மணி நேரத்தில் அவர் எவ்வளவு நடந்தார், எவ்வளவு நேரம் நாற்காலியில் இருந்தார், பயந்துபோய்க் கட்டிலைவிட்டு இறங்காமலேயே இருந்துவிட்டாரா என்பது யாருக்கும் தெரியாது. கைக்கடிகாரம்போலக் கட்டிக்கொள்ளும் இயக்கமானிகள் இதயநோயாளிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். அவை நோயாளியை விரட்டி ஓடவைக்கும் என்பதற்குச் சான்று மெலிவாக இருக்கிறது. அவை நோயைக் கண்டுபிடித்துவிடும் என்ற விளம்பரத்துக்கும் இங்கே பெரிய இடமில்லை. ஆனால் சிகிச்சையின் தொடக்கத்தில், நோயாளியின் சொந்த அளவை அவருக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் காட்டும் கருவியாக அவற்றைப் பயன்படுத்தினால், இதுவரை இருட்டில் இருந்த ஒரு பகுதி வெளிச்சத்துக்கு வரும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: எண்ணை அந்த நோயாளியின் முந்தைய எண்ணோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்; அதைப் படித்துப் பார்க்க ஓர் ஆள் இருக்க வேண்டும்.

இதயநோயாளியை நடக்கச் சொல்வதே எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் துணிச்சலான காரியம். அன்று மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில், பல இடங்களில் ஆறு வாரம்வரை, படுக்கையிலேயே கிடத்தி வைப்பதுதான் வைத்தியம். காயம்பட்ட இதயத் தசை ஆறி வடுவாகும்வரை அதற்கு வேலை வைக்கக் கூடாது என்பது கணக்கு. பாஸ்டன் நகரில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் சாமுவேல் லெவினும் அவருடைய இளைய சகா பெர்னார்ட் லௌனும் அந்தக் கணக்கை மாற்றிப் பார்த்தார்கள். நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இறக்கிச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். 81 நோயாளிகளிடம் கிடைத்த அனுபவத்தை 1952இல் வெளியிட்டார்கள். பலரும் அஞ்சிய ஆபத்து நேரவில்லை. அடுத்த ஆண்டே லண்டனில் ஜெரமி மாரிஸ் தம் புகழ்பெற்ற பேருந்து ஆய்வை வெளியிட்டார். இரண்டடுக்குப் பேருந்தின் படியில் நாளெல்லாம் ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்திருந்தது. படுக்கை எவ்வளவு கொடியது என்பதை 1966இல் டாலஸ் நகரில் நடந்த சிறிய ஆய்வு காட்டியது. இருபது வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுத்தே கிடந்தார்கள். உடல் உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு அவர்களிடம் கால் பங்குக்குமேல் குறைந்துபோனது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்த சேதம் அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதத்தைவிடக் குறைவாகவே இருந்தது.

மறுவாழ்வுச் சிகிச்சையின் பலன் குறித்து இப்போது பெரிய விவாதம் இல்லை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் 85 சமவாய்ப்பு ஆய்வுகளையும் 23,430 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்து 2023இல் வெளியான தொகுப்பின்படி, பயிற்சியோடு கூடிய மறுவாழ்வு இதயநோயால் நேரும் மரணத்தைச் சுமார் 26 சதவீதமும், மருத்துவமனையில் மீண்டும் சேர்வதை 23 சதவீதமும் குறைக்கிறது. பயமும் தேவையில்லை. பிரான்சில் 25,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு 65 மையங்களில் நடந்த கணக்கெடுப்பில், ஏறத்தாழ 50,000 பயிற்சி மணி நேரத்துக்கு ஒரு முறைதான் கடுமையான இதயச் சிக்கல் நேர்ந்தது. ஆகவே சிக்கல் சிகிச்சையில் இல்லை. எவ்வளவு சிகிச்சை நோயாளியின் உடம்பில் உண்மையில் சேர்கிறது என்பது தெரியாமல் இருப்பதில்தான் இருக்கிறது. மாத்திரையென்றால் அட்டையைப் புரட்டிப் பார்த்து எத்தனை தீர்ந்திருக்கிறது என்று எண்ணிவிடலாம். நடையை எண்ண இதுவரை நோயாளியின் வாய்ச்சொல் மட்டுமே இருந்தது.

வாய்ச்சொல் எவ்வளவு தூரம் நம்பத் தகுந்தது? அமெரிக்காவின் தேசிய உடல்நல ஆய்வில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அசைவை அளக்கும் முடுக்கமானியை இடுப்பில் கட்டிவிட்டார்கள். கேள்வித்தாளில் கேட்டபோது பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர், பரிந்துரைக்கப்பட்ட அளவு உடலுழைப்பு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். கருவி அளந்தபோது அந்த அளவை எட்டியவர்கள் 5 சதவீதத்துக்கும் கீழே. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நினைப்பது நியாயமில்லை. மனித நினைவு, வியர்த்த நேரத்தைப் பெரிதாக்கும். சும்மா இருந்த நேரத்தைப் பதிந்தே வைப்பதில்லை. "தினமும் நடக்கிறேன் டாக்டர்" என்று சொல்லும் நோயாளி உண்மையைத்தான் சொல்கிறார். காலையில் இருபது நிமிடம் தெருவைச் சுற்றி வந்தது அவருக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு தொலைக்காட்சிக்கு முன்னால் கழிந்த ஒன்பது மணி நேரம் நினைவில் இல்லை. மறுவாழ்வில் இருக்கும் நோயாளிகளிடமே, அடிகளை எண்ணும் அடிமானியைக் கட்டிப் பார்த்த ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. அப்படியான ஓர் அமெரிக்க ஆய்வில், மையத்துக்கு வராத நாட்களில் நோயாளிகள் நடந்தது, வந்த நாட்களில் நடந்ததில் ஏறத்தாழ பாதிதான். பயிற்சிக்கூடத்தில் அவர்களைப் பார்ப்பவருக்கு இந்தப் பாதி கண்ணில் படவே படாது.

இன்னும் கவனிக்கப்படாத ஒரு காலம், மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன நாளுக்கும் மறுவாழ்வின் முதல் அமர்வுக்கும் நடுவே இருப்பது. டெட்ராய்ட் நகரில் 148 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில் ஒரு பாதியினருக்குப் பத்து நாளுக்குள்ளும், மறுபாதியினருக்கு வழக்கப்படி 35 நாள் கழித்தும் முதல் சந்திப்பு தரப்பட்டது. சீக்கிரம் அழைக்கப்பட்டவர்களில் 77 சதவீதம் பேர் வந்தார்கள். காத்திருக்க வைக்கப்பட்டவர்களில் 59 சதவீதம் பேர்தான் வந்தார்கள். அந்த ஐந்து வாரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். மனைவி தண்ணீர்க் குடத்தைத் தொடவிட மாட்டார். பிள்ளைகள் மாடிப்படி ஏற வேண்டாம் என்பார்கள். பார்க்க வரும் உறவினர் ஒவ்வொருவரும் ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எல்லாம் அன்பினால்தான். ஆனால் விளைவு, டாலஸ் இளைஞர்களுக்கு நேர்ந்ததே. சிகிச்சை தொடங்கும் நாளில் நோயாளி எங்கே நிற்கிறார் என்பதைத் தீர்மானிப்பது இந்த வாரங்கள். அந்த வாரங்களைப் பற்றி ஒரு வரி தகவலும் இல்லாமல் பயிற்சித் திட்டம் எழுதப்படுகிறது.

இனி கருவிக்கு வருவோம். மணிக்கட்டில் கட்டும் பட்டைக்குள் மிகச் சிறிய சிலிக்கான் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதில் மெல்லிய கம்பிபோன்ற தாங்கிகளில் தொங்கும் நுண்ணிய எடை, கை அசையும்போது இடம் மாறும். அந்த மாற்றம் மின்சாரமாகப் பதிவாகும். மூன்று திசைகளிலும் வினாடிக்குப் பல முறை எடுக்கப்படும் இந்த அளவீடுகளில் நடைக்குரிய சீரான தாளத்தைத் தேடி மென்பொருள் அடிகளை எண்ணுகிறது. நாடித்துடிப்புக்கு வேறு வழி. பட்டையின் அடியில் இருக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளி பாய்ச்சுகிறது. இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலின் நுண்குழாய்களில் இரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அதை எண்ணினால் நாடி. இவ்வளவுதான் இந்தக் கருவி நேரடியாக அறிவது: அசைவு, ஒளி. திரையில் தெரியும் மற்ற எல்லாமே, அதாவது எரித்த கலோரி, தூக்கத்தின் ஆழம், மன அழுத்தம் என்பவையெல்லாம், இந்த இரண்டிலிருந்து போட்ட கணக்குகள்.

கணக்கு நீளும்தோறும் பிழையும் வளரும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஏழு கருவிகளை 60 தன்னார்வலர்களிடம் சோதித்தபோது, ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் அளந்தன. கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். இதயநோயாளி கலோரி எண்ணைப் பார்க்காமலே இருப்பது நல்லது; அதை நம்பிக் கூடுதலாக ஒரு தோசை சாப்பிடுவதற்கு அது ஆதாரமாகாது. நாடித்துடிப்பு விஷயத்தில் வேறொரு சிக்கல். மாரடைப்புக்குப் பிறகு பெரும்பாலோர் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அது துடிப்பின் வேகத்தையே இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் இத்தனை சதவீதம் என்று கருவி காட்டும் இலக்கு அவர்களுக்குப் பொருந்தாது. அந்த இலக்கை எட்ட முயல்கிறவர் தம் சக்திக்கு மேல் உழைத்துவிடுவார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களிடம் ஒளிமுறை எண்ணிக்கை தடுமாறும். இவர்களுக்கெல்லாம் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த, 6 முதல் 20 வரையிலான சிரம அளவுகோல் இன்றைக்கும் நல்ல வழிகாட்டி. 11 முதல் 13 வரை, அதாவது மூச்சு சற்றே வாங்கினாலும் பேச்சு தடைபடாத அளவு, தொடக்கத்துக்குப் போதும். கருமையான தோலில் பச்சை ஒளி சரியாக வேலை செய்யாது என்ற கவலை நம்மவர்களுக்கு இயல்பாகவே உண்டு. டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2020இல் வெளியான ஆய்வு, பல தோல்நிறங்களில் சோதித்தபோது துல்லியத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. ஆனால் ஓய்வைவிட அசைவின்போது பிழை 30 சதவீதம் கூடியதைக் கண்டது. நிறத்தைவிட, பட்டையைத் தளர்வாகக் கட்டுவதும் கை ஆடுவதும்தான் தொல்லை.

அடிகளை எண்ணுவது இவற்றில் எளிய கணக்கு. ஆனாலும் இதயநோயாளியிடம் அதுவும் இடறும். கருவிகளைப் பெரும்பாலும் நல்ல வேகத்தில் கைவீசி நடக்கும் ஆரோக்கியமானவர்களை மனதில் வைத்தே உருவாக்குகிறார்கள். பைபாஸ் முடிந்தவரின் நெஞ்செலும்பு நடுவே பிளந்து கம்பியால் கட்டப்பட்டிருக்கும். அவர் கையை மார்போடு அணைத்து, இருமும்போது தலையணையை அழுத்திக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக நடப்பார். அந்த நடையில் மணிக்கட்டு ஆடுவதில்லை. அடிகள் எண்ணாமல் விடுபடும். நடைச்சட்டத்தைப் பிடித்து நடக்கும் முதியவருக்கும் அப்படித்தான். மறுபக்கம், உட்கார்ந்தபடி மாவு பிசைந்தாலும் துணி அலசினாலும் இல்லாத அடிகள் ஏறக்கூடும். வீட்டு வேலையே உடலுழைப்பாக இருக்கும் பெண்களின் நாளை இந்தக் கருவி பாதிதான் புரிந்துகொள்கிறது. இது சிறிய குறையில்லை. பெண்கள் ஏற்கெனவே மறுவாழ்வுச் சிகிச்சையில் குறைவாகச் சேர்கிறார்கள். அவர்களுடைய உழைப்பைக் கணக்கில் எடுக்காத கருவியை மட்டும் நம்பி, நீங்கள் போதுமான அளவு இயங்கவில்லை என்று சொன்னால் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும். மெதுவாக நடப்பவர்களுக்குக் கருவியைக் கணுக்காலிலோ இடுப்பிலோ கட்டுவது இந்தப் பிழையைப் பெருமளவு குறைக்கும். பெண்களிடம் எண்ணோடு சேர்த்து அன்றைய வேலைகளையும் கேட்டறிய வேண்டும்.

இவ்வளவு பிழையுள்ள எண்ணால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. எந்தக் கேள்விக்கு விடையாக அந்த எண்ணைப் பயன்படுத்துகிறோம் என்பதில் இருக்கிறது பதில். வீட்டு எடைக்கருவி எப்போதும் ஒரு கிலோ குறைத்தே காட்டினாலும், போன மாதத்தைவிட எடை ஏறியதா இறங்கியதா என்பதை அது சரியாகவே சொல்லும். அதே ஆள், அதே கருவி, உடம்பில் அதே இடம், அதே விதமான வாழ்க்கை என்று இருக்கும்வரை, பிழையும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். எண்ணின் ஏற்ற இறக்கம் அர்த்தமுள்ளதாகவே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடும்போதுதான் அது பொய்யாகிறது. நடை சீராகத் தேறும்போது கருவி முன்பு விட்ட அடிகளையும் எண்ணத் தொடங்கும் என்பதால், முதல் சில வாரங்களின் ஏற்றம் சற்று மிகையாகத் தெரியும் என்பதையும் படிப்பவர் நினைவில் வைக்க வேண்டும்.

சொந்த அளவு எவ்வளவு பேசும் என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்தது. அங்கே இதய அறுவை முடிந்த, 50 வயதைத் தாண்டிய 149 பேருக்கு ஃபிட்பிட் என்ற இயக்கமானியைக் கட்டிவிட்டார்கள். ஆய்வு 2013இல் வெளியானது. அறுவைக்குப் பிறகு முதல் சில நாட்களில் ஒருவர் நடந்த அடிகளின் எண்ணிக்கை, அவர் எத்தனை நாள் மருத்துவமனையில் இருப்பார், நேரே வீட்டுக்குப் போவாரா, இன்னொரு பராமரிப்பு மையத்துக்குப் போக வேண்டியிருக்குமா என்பவற்றோடு ஒத்துப்போனது. கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவி, வார்டு சுற்றுக்கு வரும் மருத்துவர் அறியாத ஒன்றைப் பதிந்துகொண்டிருந்தது. ஆபத்தான துடிப்பைச் சரிசெய்ய நெஞ்சுக்குள் பொருத்தும் டிஃபிப்ரிலேட்டர் கருவிகளிலும் முடுக்கமானி உண்டு. அவற்றின் பதிவுகளை 98,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடமிருந்து திரட்டி 2015இல் வெளியிட்ட ஆய்வில், மிக அதிகமாக இயங்கிய ஐந்திலொரு பங்கினரில் பத்துக்கு ஒன்பது பேர் நான்கு ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். மிகக் குறைவாக இயங்கியவர்களில் பாதிப் பேரே இருந்தார்கள்.

இதைப் பார்த்தவுடன், அதிகம் நடந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்ற முடிவுக்குத் தாவக் கூடாது. நோய் முற்றியவர் நடக்க முடியாமல்தான் நடக்காதிருக்கிறார். அவருடைய குறைந்த நடை மரணத்துக்குக் காரணமா, வரப்போவதன் அறிகுறியா என்பதை இத்தகைய ஆய்வு பிரித்துச் சொல்லாது. கருவியின் விளம்பரங்கள் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. ஆனால் என் வாதத்துக்கு இந்த ஆட்சேபம் கைகொடுக்கவே செய்கிறது. குறைந்த நடை வெறும் அறிகுறியே என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுத்திணறல் என்று நோயாளி வாய்திறந்து சொல்வதற்கு முன்பே உடல் தன் நடையைச் சுருக்கிக்கொள்கிறது. அப்படிச் சுருங்குவதை வாரம் ஒருமுறை யாராவது பார்த்தால், அது காய்ச்சல் மானியின் அளவைப்போல மதிப்புள்ள தகவல்தான்.

எண்ணைச் சொந்த அளவோடு ஒப்பிட வேண்டும் என்பதற்குக் குறுக்கே நிற்பது 10,000 என்ற எண். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த ஆண்டு, 1965இல், ஜப்பானின் யமாசா நிறுவனம் தன் அடிமானிக்குப் பத்தாயிரம் அடி மானி என்று பொருள்படும் பெயரை வைத்து விற்றது. எண் அழகாக இருந்தது, நிலைத்துவிட்டது. ஹார்வர்டின் ஐ-மின் லீ, சராசரி வயது 72 உள்ள ஏறத்தாழ 17,000 பெண்களைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிடச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500ஐ ஒட்டிப் பலன் சமனாகிவிட்டது. பதினைந்து ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான கணக்கும், 60 வயதைக் கடந்தவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிக்குமேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை என்றது. இதயநோயாளிகளுக்கென்றே பார்த்தால், ஜெர்மனியில் ரைனர் ஹம்ப்ரெக்ட்டும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது: வாரத்துக்குச் சுமார் 1,500 கிலோ கலோரி உடலுழைப்பு இதயக் குழாயின் அடைப்பு மேலும் வளராமல் தடுத்தது, 2,200 கிலோ கலோரி சிலரிடம் அடைப்பைக் குறைக்கவும் செய்தது. பின்னாளில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை அடிகளாக மாற்றிப் பார்த்து, நாளுக்கு 6,500 முதல் 8,500 வரை என்ற வரம்பைத் தந்தார்கள். இதுவும் எட்ட வேண்டிய ஊர்தான். புறப்படும் இடம் இல்லை. டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரம் நாளுக்கு 1,200 அடி நடப்பவரிடம் 10,000 என்று காட்டும் திரை, தினமும் மாலை அவரைத் தோற்றவராக அறிவிக்கிறது. ஐ-மின் லீயின் எண்களை மறுபடி பாருங்கள். பலனின் பெரும்பகுதி ஏணியின் அடிப்படிகளில்தான் இருக்கிறது. 1,200இலிருந்து 2,000க்குப் போவது ஓர் இதயநோயாளிக்குச் சாதனை.

இப்போது பலமான ஆட்சேபத்துக்கு வரலாம். கருவி கட்டியதால் யாராவது உண்மையில் நலமடைந்தார்களா? சிங்கப்பூரில் 13 நிறுவனங்களின் 800 ஊழியர்களிடம் நடந்த பெரிய சமவாய்ப்பு ஆய்வு 2016இல் வெளியானது. ஓராண்டு முடிவில் எடையிலோ இரத்த அழுத்தத்திலோ உடல்திறனிலோ முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. அதற்குள் பத்தில் ஒன்பது பேர் கருவியைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதே ஆண்டு பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த முடிவு இன்னும் மோசம். உடற்பருமன் சிகிச்சையில் இருந்த இளைஞர்களில் கருவி கட்டியவர்கள் இரண்டு ஆண்டில் 3.5 கிலோ குறைந்தார்கள், கட்டாதவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் மாரடைப்பு வந்தவர்கள் இல்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். ஆனால் நான் இவற்றை அப்படியே ஏற்கிறேன். கருவியைக் கையில் கட்டிவிட்டு, நல்லது நடக்கும் என்று காத்திருந்தால் நடக்காது. எண் தானாக யாரையும் நடக்க வைப்பதில்லை.

ஆனால் எண்ணோடு வேறு சில சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான கணக்கில், அடிமானி கட்டியவர்களின் உடலுழைப்பு ஏறத்தாழ 27 சதவீதம் கூடியது. எண்ணிக்கை ஏற முக்கியக் காரணமாக இருந்தது திட்டவட்டமான ஓர் இலக்கு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் குழு 105 இதயநோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தி 2018இல் வெளியிட்டது. அவரவர் தொடக்க அளவிலிருந்து மெல்ல ஏறும் இலக்கும், தவறினால் முன்கூட்டியே அவர் பெயரில் போட்ட பணத்திலிருந்து நாளுக்கு இரண்டு டாலர் கழியும் ஏற்பாடும் ஒரு பிரிவினருக்குத் தந்தார்கள். அந்தப் பிரிவினர் மற்றவர்களைவிட நாளுக்கு ஆயிரம் அடிக்குமேல் கூடுதலாக நடந்தார்கள். பணம் நின்ற பிறகு கவனித்த எட்டு வாரமும் அந்த வேறுபாடு பெருமளவு நிலைத்தது. 2024இல் அதே குழு, இதயநோய் வந்த அல்லது வரும் ஆபத்து கூடிய 1,062 பேரிடம் ஓராண்டு நடத்திய ஆய்வு வெளியானது. புள்ளிகள் தரும் விளையாட்டு முறையும் பண ஊக்கமும் சேர்ந்த பிரிவினர் ஒப்பீட்டுப் பிரிவைவிட நாளுக்கு 868 அடி கூடுதலாக நடந்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது ஒப்பீட்டுப் பிரிவு. அவர்களுக்கும் கருவி இருந்தது, சொந்த அளவிலிருந்து தாமே தேர்ந்த இலக்கு இருந்தது, தினமும் குறுஞ்செய்தி போனது. விளையாட்டும் பணமும் இல்லாமலே அவர்கள் நடை நாளுக்குச் சுமார் 1,400 அடி கூடியது. கருவியே இல்லாத பிரிவு ஒன்று அந்த ஆய்வில் இல்லை என்பதால் இந்த முழு ஏற்றத்தையும் கருவியின் கணக்கில் எழுத முடியாது. ஆய்வில் சேரவே முன்வருகிறவர்கள் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்கள். இருந்தாலும் சிங்கப்பூர் ஆய்வோடு வைத்துப் பார்த்தால் திசை தெளிவு: தொடக்க அளவு, அதிலிருந்து பிறந்த இலக்கு, யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வு இவை மூன்றும் சேரும்போதுதான் கருவிக்கு உயிர் வருகிறது.

ஏற்கெனவே பயந்திருப்பவரின் கையில் நாடித்துடிப்பு ஓடும் திரையைக் கட்டுவது அச்சத்தைக் கூட்டாதா என்ற கேள்வியும் உண்டு. சிலரிடம் கூட்டும். இரவு இரண்டு மணிக்கு விழித்துத் துடிப்பைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் அந்தத் திரையை அணைத்துவிட வேண்டும். தொடக்க வாரங்களில் நோயாளிக்குத் தேவைப்படுவது ஒரே ஓர் எண், அன்றைய அடிகள். எச்சரிக்கை ஒலிகளும் மற்ற வட்டங்களும் வரைபடங்களும் அவருக்கு வேண்டாம். மறுபக்கம், பயத்தால் அசையாமல் இருப்பவருக்கு, நேற்று 1,500 அடி நடந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று காட்டும் எண் எந்த ஆறுதல் வார்த்தையையும்விட அழுத்தமாகப் பேசும். அந்தரங்கம் பற்றிய கவலையையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒருவர் எப்போது எழுகிறார், எப்போது வெளியே போகிறார், அவர் இதயம் எப்படித் துடிக்கிறது என்ற பதிவு காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை யாரும் ஊகிக்கலாம். இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர். மருத்துவக் குழுவுக்குத் தேவை வாரத்துக்கு ஏழு எண்கள் மட்டுமே. அதற்குமேல் திரட்டாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

செலவும் கிடைக்கும் வாய்ப்பும் குறித்த ஆட்சேபம் நம் நாட்டில் மற்றெல்லாவற்றையும்விடப் பெரிது. மறுவாழ்வு மையமே அரிதான ஊரில் விலையுயர்ந்த கடிகாரத்தைப் பற்றிப் பேசுவதா? இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் நடந்த யோகா-கேர் ஆய்வு, செலவு குறைந்த மறுவாழ்வைத் தேடியது. மூன்று மாதத்தில் 13 அமர்வுகள். 2020இல் வெளியான முடிவில் அடுத்த பாதிப்புகள் சுமார் 10 சதவீதம் குறைந்தன என்றாலும், அது தற்செயலாக இருக்கக்கூடும் என்பதை எண்கள் மறுக்கவில்லை. குறைந்தது பத்து அமர்வுகளுக்கு வந்தவர்களிடம் பாதிப்பு ஏறத்தாழ பாதியாக இருந்தது. ஆனால் விடாமல் வந்தவர்கள் தொடக்கத்திலேயே தெம்பாக இருந்தவர்களாகவும் இருக்கலாம். வருகைப் பதிவேடு மட்டுமே அளவாக இருக்கும்போது இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. மையங்கள் குறைவாக இருப்பதாலேயே, வீட்டில் நடப்பதை அளப்பது நமக்குக் கூடுதல் தேவையாகிறது என்பேன். அதற்குக் கடிகாரம் வேண்டியதில்லை. இடுப்பில் செருகும் சாதாரண அடிமானியும் ஒரு நோட்டும் போதும். படிக்க ஆள்தான் வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடிப் போகிறது. படியேறி வரும் அந்த இயன்முறைச் சிகிச்சையாளர், இதயநோயாளியின் நோட்டைப் புரட்டிப் பார்த்து, போன வாரத்தைவிட ஏன் குறைந்தது என்று கேட்பது புதிய பணியிடமோ புதிய கட்டடமோ கேட்காத வேலை.

அப்படிக் கேட்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரம் எந்த இலக்கும் தராமல் வெறுமனே எண்ண வேண்டும். அந்த ஏழு நாளின் சராசரிதான் அவருடைய தொடக்க அளவு. பிறகு, நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ இல்லாதவரை, வாரா வாரம் பத்துப் பதினைந்து சதவீதம் ஏற்றலாம். ஒரு நாள் குறைந்தால் அதில் ஒன்றுமில்லை. கல்யாண வீட்டுக்குப் போயிருப்பார், மழை பெய்திருக்கும், பட்டையைச் சார்ஜில் போட்டு மறந்திருப்பார். தொடர்ந்து மூன்று நான்கு நாள், சொல்லும்படியான காரணம் இல்லாமல் எண் பாதியாக இறங்கினால் கவனிக்க வேண்டும். கூடவே மூன்று நாளில் எடை இரண்டு கிலோவுக்குமேல் ஏறியிருந்தாலோ, கணுக்கால் வீங்கியிருந்தாலோ, படுக்க இன்னொரு தலையணை தேவைப்பட்டாலோ, இதயம் தளர்ந்து உடலில் நீர் கோப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். அடுத்த மாத ரிவியூவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும். அப்படி அழைக்கும்போது எடுத்துப் பேச ஆள் இருக்கும் தொலைபேசி எண் டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் முதல் பக்கத்தில், மருந்துப் பட்டியலுக்கு மேலேயே அச்சாகியிருக்க வேண்டும்.